கொல்லையில் அப்பா வெட்டிய சம்பு

மழை வந்தால் நம் வயதுக்காரர்கள் முட்டியைத் தடவிக்கொண்டு முனிசிபாலிட்டியைத் திட்டுகிறோம். திட்டுவதில் தப்பில்லை. அந்த மாதிரி ஓர் அலுவலகத்தில் சாக்கடைப் பிரிவின் தலைமைக் குமாஸ்தாவாக இருந்துதான் நான் பென்ஷன் வாங்கினேன். ஒரு முழச் சாக்கடை வெட்டுவதற்கு முதலில் மனு வேண்டும். மனுவின்மேல் குறிப்பு, குறிப்பைப் படித்தபின் பார்வையிடல், பார்வையிட்டவர் மாற்றலாகிப் போனால் மறு பார்வையிடல், பிறகு மதிப்பீடு, மதிப்பீட்டுக்கு ஆட்சேபணை. இதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். 'தற்போது அவசியம் எழவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கோப்பைக் கட்டிவிடலாம். அந்த வரியை அழகான கையெழுத்தில் நானே பலமுறை எழுதியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த முதல் சாக்கடைக்கு இதெல்லாம் கிடையாது. நாங்கள் நைனா என்று கூப்பிட்ட எங்கள் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார், வெட்டினார். தப்பாகத்தான் வெட்டினார். எவ்வளவு தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். ஏன் அப்படி வெட்டினார் என்பது மட்டும் பின்னால்தான் புரிந்தது.

மின்சாரம் வருவதற்கு முந்தின வருஷம் அது. பங்காருபேட்டைக்கு அப்போது ஒரு துரையின் பெயர். அங்கிருந்து மாரிகுப்பத்துக்கு வரும் ரயிலை நாங்கள் இன்னும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காலம். உங்களில் பாதிப் பேர் அந்த மூங்கில் தட்டி வீடுகளில்தான் பிறந்திருப்பீர்கள். தட்டிமேல் மண் பூசி, மண்மேல் சாணி மெழுகி, கூரைக்கு நாணல் போட்டிருக்கும். தங்கச் சுரங்கத்து மில்லில் கல் இடிக்கும் சத்தம் பகலும் இரவும் தரைவழியாக வந்து முதுகில் தட்டும். அந்தச் சத்தத்தில்தான் நமக்குத் தூக்கம் வரும். எப்போதாவது மில் நின்றுவிட்டால் ஊரே விழித்துக்கொள்ளும், குழந்தைகள் அழும்.

எங்கள் வீடு சரிவில் இருந்தது. மேலே வண்டிப் பாதை, அதற்கு மேலே மில் கழிவு மண் கொட்டிய வெள்ளை மேடு. பாதைக்குக் கீழே எங்கள் கொல்லை, கொல்லையை ஒட்டி வீட்டின் பின்கதவு. கொல்லையின் தாழ்ந்த மூலையில் இடுப்பளவு மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் கீழ்வீடு, அதற்கும் கீழே ஓடை. மழை பெய்தால் மேட்டு மண்ணைக் கரைத்துக்கொண்டு பால் மாதிரி வெளுத்த தண்ணீர் எங்கள் கொல்லைக்கு வரும். கரை தடுக்கும். போக வழியில்லாமல் அது பின்கதவைத் தட்டும். நாங்கள் திறக்காவிட்டாலும் உள்ளே வரும்.

முந்தின ஐப்பசியில் அப்படித்தான் வந்தது. ஈரத்தரையில் படுத்த தம்பிக்கு இருமல் பிடித்துத் தை மாதம் வரை விடவில்லை. விலா எலும்பு எண்ணிப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டான். இன்னொரு மழைக்கு இந்தப் பிள்ளையை ஈரத்தில் போட்டால் அப்புறம் தன்னிடம் தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்று ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சொன்னார். கம்பவுண்டர்களுக்கு அப்போதெல்லாம் மென்மையாகச் சொல்லும் பழக்கம் இல்லை.

அம்மா அதைக் கேட்டுக்கொண்டு வந்து அப்பாவுக்குக் களி போட்டாள். போட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஏங்க, இந்த மழைக்குத் தண்ணி வாசப்படி தாண்டி உள்ள வந்துச்சுன்னா, நான் புள்ளைங்கள இட்டுக்கினு குடியாத்தத்துக்கு எங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன். நீங்க இங்க உங்க சொரங்கத்தோட குடும்பம் நடத்துங்க."

அப்பா களியை உருட்டினபடியே, "வராது" என்றார்.

"போன வருஷமும் இதான் சொன்னீங்க."

அம்மா சும்மா மிரட்டுகிறவள் இல்லை. சொன்னால் செய்வாள். பஞ்சத்துக்குப் பயந்து எந்த ஊரை விட்டு ஓடிவந்தாளோ அந்த ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று ஒருத்தி சொல்கிறாள் என்றால் அது விளையாட்டில்லை என்று எங்களுக்கும் தெரிந்தது. அங்கே போனால் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, மாமன் வீட்டு ஆடுதான். அக்காவுக்கு அடுத்த தையில் கல்யாணம்தான். இதை அக்காவே எனக்கு விளக்கினாள்.

"உனுக்கு ஆடு, எனுக்குத் தாலி. நைனா ஒயுங்கா வெட்டணும்னு சாமியக் கும்புட்டுக்கோ."

அப்பா சுரங்கத்தில் தண்ணீர் கேங்கின் மேஸ்திரி. அதாவது, பூமிக்குள் எந்த அடுக்கில், அவர் பாஷையில் எந்த லெவலில், எவ்வளவு தண்ணீர் ஊறினாலும் அதைக் கால்வாய் கட்டி ஓடவிட்டு, ஷாஃப்ட்டுக் கிணற்றின் அடியில் இருக்கும் சம்பு என்ற தேக்கக் குழியில் சேர்த்து, பம்பு வைத்து மேலே ஏற்றுவது அவருடைய வேலை. அங்கே தண்ணீருக்குத் தானாகப் போக ஓர் இடமும் கிடையாது. சேர்க்க வேண்டும், தூக்க வேண்டும். இருபது வயதிலிருந்து அவர் அறிந்த தண்ணீர் அதுதான்.

ஆகவே எங்கள் கொல்லையிலும் அவர் அதையே செய்தார். மூன்று பக்கமும் கால்வாய் வெட்டி, தாழ்ந்த மூலையில், மண்கரையை ஒட்டி, என் மார்பு ஆழத்துக்குச் சதுரமாக ஒரு சம்பு. சரிந்துவிடாமல் இருக்க நாலு பக்கமும் பலகை வைத்து முட்டுக்கொடுத்தார். என்ன அழகு தெரியுமா! பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சுரங்கத்து இருட்டில் செய்வதுபோலவே கால்வாயின் கோடியில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, இந்தக் கோடியில் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுடரைப் பார்த்தார். சுள்ளென்று வெயில் அடிக்கிற மத்தியானத்தில். பாதையில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, மில்லில் வேலை செய்தவர். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் மேலே வேலை செய்கிறவர்களை ஆண்பிள்ளை என்றே மதிக்காத காலம் அது. மாமாவும் அதற்குச் சரியாகத் திருப்பிக் கொடுப்பார்.

"இன்னா மாமா, கொல்லையில ஷாஃப்ட் எறக்குறீங்களா? தங்கம் வந்தா எனுக்கும் சொல்லுங்க."

"போடா மச்சான். மில்லுல கீறவனுக்குத் தண்ணியப் பத்தி இன்னா தெரியும்?"

"எங்க மில்லுல தண்ணி தானா ஓடுது மாமா. பலகைய சாச்சு வெச்சா, கல்லுத் தூளையும் இஸ்துக்கினு ஓடுது. இந்தக் கரையில ஒரு வெட்டு வெட்டுங்க, நிமிசத்துல போயிடும்."

"எங்க போவும்?"

"கீழ."

அப்பா பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அதன்பின் எங்களுக்கு ஷிஃப்ட் போடப்பட்டது. காலைச் சங்கு ஊதினால் அக்கா, சாயங்காலச் சங்கு ஊதினால் நான். மழை பெய்த நாளில் சம்பிலிருந்து மண்ணெண்ணெய் டின்னால் தண்ணீரை மொண்டு, மேலே தூக்கிக்கொண்டு போய், வண்டிப் பாதையின் ஓரக் கால்வாயில் கொட்ட வேண்டும். மொண்ட தண்ணீர் மேலேதான் போகவேண்டும் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த டின்னின் மரக் கைப்பிடி, உள்ளங்கையில் அது போட்ட காய்ப்பு, வெளுத்த சேற்றின் எலுமிச்சை மாதிரியான புளித்த வாசனை எல்லாம் எனக்கு இப்போதும் இருக்கின்றன. காய்ப்பு மட்டும் இல்லை. குமாஸ்தா வேலை அதைக் கரைத்துவிட்டது.

அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒருநாள் அம்மா துணிக்குப் போட வைத்திருந்த நீலத்தில் ஒரு துண்டைக் கிள்ளி டின்னில் கரைத்தாள். ஊதாப்பூ நிறத்தில் ஒரு டின் தண்ணீரைக் கொண்டுபோய் மேலே பாதைக் கால்வாயில் கொட்டிவிட்டு, கீழே வந்து சம்பின் ஓரம் குந்தினாள். என்னையும் குந்தவைத்தாள். கொஞ்ச நேரத்தில் எங்கள் கால்வாயில் நீலம் வந்தது. வெளுத்த தண்ணீருக்கு நடுவில் ஒரு கோடாக, அழகாக, அவசரமில்லாமல் வந்து சம்புக்குள் இறங்கியது.

மேலே கால்வாய் அடைத்துக் கிடந்திருக்கிறது. நாங்கள் ஒரே தண்ணீரைத்தான் நாள் முழுவதும் சுமந்துகொண்டிருந்தோம்.

"நைனா," என்றாள் அக்கா அன்று சாயங்காலம், "இது நேத்து தூக்குன தண்ணி. எனுக்குத் தெரியும். பேரு கூட வெச்சிருக்கேன்."

அப்பா சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போகும் முன் மேல் கால்வாயைத் தூர் வாரினார். கரையை வெட்டவில்லை.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. தன் அக்காள், அதாவது எங்கள் அம்மா, பெட்டி கட்டிவிடுவாளோ என்று அவருக்கும் பயம் இருந்திருக்கும். அப்பா சுரங்கத்துக்குள் இருந்த ஒரு மத்தியானம் வந்து, மண்கரையில் மில் பலகை மாதிரி சரிவாக ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போனார். அன்றே ஒரு மழை. சம்பில் தண்ணீரே நிற்கவில்லை. நானும் அக்காவும் ஷிஃப்ட் இல்லாத சந்தோஷத்தில் குதித்தோம்.

கீழ்வீட்டில் ஓர் அத்தை இருந்தார். அத்தை என்று கூப்பிட்டோமே தவிர உறவில்லை. சர்ச்சுக்குப் போகிறவர், கணவரை இழந்தவர், கழுத்தில் ஜெபமாலை போட்டிருப்பார். காலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆப்பம் சுட்டு விற்பார். அவருடைய அடுப்பு அவர் கொல்லையில்தான். கரையின் வெட்டு வழியே போன தண்ணீர் நேராக அந்த அடுப்புக்குள் போயிருக்கிறது. அடுப்பு கரைந்தது, விறகு நனைந்தது, ஊறப்போட்டிருந்த அரிசிக்குள் மேட்டு மண் இறங்கிவிட்டது.

அப்பா குளித்துக்கொண்டிருக்கும்போது அத்தை வந்தார்.

"ஏம்பா மேஸ்திரி, பூமிக்குள்ள அவ்ளோ ஆழத்துல தண்ணிய அடக்கற ஆளு நீ. ஊட்டுக் கொல்லையில அடக்க முடியலியா? எல்லாத்தியும் என் அடுப்புல கொட்டிட்டியே!"

அப்பா சோப்பு நுரையோடு கொல்லைக்கு ஓடினார். வெட்டைப் பார்த்தார். களிமண்ணைப் பிசைந்து அப்படியே குந்தி அதை அடைக்க ஆரம்பித்தார். அப்போது பார்த்து மாமா வந்து சேர்ந்தார்.

"வாடா மில்லுக்காரா," என்றார் அத்தை, "என் அடுப்புல தங்கம் அரைக்கவா தண்ணி உட்ட? நாளைக்கு இத்தினி பேருக்கு நீ வந்து ஆப்பம் சுடு."

மாமா முழித்தார். அப்பா தலை நிமிராமல் பேசினார்.

"கீழ ஆளு கீறப்ப மேலருந்து தண்ணி உடக்கூடாது. எங்க லெவல்ல அதான் மொத சட்டம். உட்டவன அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"இது சொரங்கமா மாமா? ஊடு."

"ஊட்டுல ஆளு இல்லியா?"

இதை நான் அன்று கேட்டேன், ஆனால் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. அப்பாவுக்குத் தண்ணீர் சரிவில் ஓடும் என்பது தெரியாது என்றுதான் நானும் அக்காவும் மாமாவும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு சுலபமாகச் சிரித்தோம்! பின்னாளில் மேல்மனைக்காரர் கீழ்மனைக்காரர் வழக்குகள் எத்தனையோ என் மேஜைக்கு வந்தன. 'கீழே ஆள் இருக்கிறார்' என்று தானாக எழுதிக்கொடுத்த மேல்மனைக்காரர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் மாமா ஆப்பம் சுடவில்லை. ஆனால் அத்தையின் நனைந்த விறகு முழுவதையும் வெயிலுக்குத் தூக்கிப் போட்டு அடுக்கினார். அத்தை ஒவ்வொரு கட்டையாகத் திருப்பிப் போடச் சொல்லி நின்று பார்த்தார்.

ஐப்பசியில் பெருமழை வந்தது. பகலிலேயே இருட்டி, பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைத் துரத்திவிட்டார்கள். வீடு வந்து சேர்ந்தபோது கால்வாய்கள் மூன்றும் நிரம்பிச் சம்பும் விளிம்பு தொட்டிருந்தது. அப்பா காலை ஷிஃப்ட்டில் இறங்கியிருந்தார். மழை நாளில் அவர் கேங்குக்கு வேலை கூடும், நேரத்துக்கு மேலே வரமாட்டார். அம்மா தம்பியைக் கயிற்றுக் கட்டிலில் ஏற்றிப் போர்த்திவிட்டு, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு டின்னை எடுத்தாள். அக்கா குடத்தை எடுத்தாள். நான் சட்டியை எடுத்தேன். மொண்டோம். மொண்டு முடிக்கும் முன்பே அந்த இடம் நிரம்பியது. மேலே போய்க் கொட்ட நேரமில்லாமல் பக்கத்திலேயே கொட்டினோம். மழைச் சத்தத்தில் மில் சத்தம் கூடக் கேட்கவில்லை.

தண்ணீர் பின்கதவுப் படியின் அடியைத் தொட்டது.

அக்கா குடத்தைக் கீழே போட்டாள். "அம்மா, கரைய ஒடச்சிடலாம்மா!"

"வாய மூடு. மொள்ளு."

"உள்ள வந்துடும்மா. வந்தா நீ…" அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது கரைக்கு அந்தப் பக்கம் அத்தையின் தலை தெரிந்தது. கோணிச் சாக்கை முக்காடு போட்டிருந்தார். கையில் மண்வெட்டி.

"தங்கச்சி, அந்தக் களிமண்ண ஒட."

"வேணாம்கா. ஊட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு. உங்க ஊட்டு மேல…"

"உன் ஊட்டுக்காரன் இப்ப பூமிக்குள்ள கீறான். நான் இங்க கீறேன். இந்தக் கரைய பாரு, ஊறிப்போயி சாணி மாதிரி கீது. தானா ஒடஞ்சா மொத்தமும் ஒரேடியா என் செவுத்து மேல வரும். இப்பவே சின்னதா உடு, நான் வழி காட்டறேன். அடுப்ப நகத்தி வெச்சிட்டேன். வேலியப் பிரிச்சிட்டேன். ஓடை வரைக்கும் கோடு கீறிட்டேன். வா, வா!"

அம்மா யோசித்த அந்த நேரத்தில் தண்ணீர் படியை ஏறியது. சத்தமே இல்லாமல், கதவுக்கடியில் வெள்ளை நாக்கு மாதிரி நுழைந்தது.

அம்மா கடப்பாரையை எடுத்தாள்.

அதற்குப் பிறகு யார் என்ன செய்தோம் என்று வரிசையாகச் சொல்ல முடியாது. அம்மா கரையை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடைத்தாள். அத்தை கீழே நின்று, வருகிற தண்ணீரைக் காலால் தடுத்துக் காலால் திருப்பி, மண்வெட்டியால் முன்னால் வழி வெட்டிக்கொண்டே போனார். ஓரம் சரியத் தொடங்கியதும், "பலகை! பலகை எடுத்தா!" என்று கத்தினார். அக்கா தண்ணீருக்குள் இறங்கி அப்பா கட்டிய சம்பிலிருந்து பலகைகளைப் பிடுங்கினாள். அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்ததால் ஒவ்வொன்றுக்கும் அப்பாவைத் திட்டிக்கொண்டே பிடுங்கினாள். நான் அவற்றை இழுத்துக்கொண்டு போய் அத்தையின் சுவர் ஓரமாக நிறுத்தினேன். சம்பின் பலகைகள் எல்லாம் கால்வாயின் பலகைகளாக ஆனபோது தண்ணீர் ஓடையைத் தொட்டது. தொட்டதும் அதன் சத்தம் மாறியது. அதுவரை இரைச்சலாக இருந்தது, வேலை கிடைத்த ஆள் மாதிரி நிதானமாகிவிட்டது.

உள்ளே வந்து பார்த்தோம். கட்டில் கால் வரை தரை சேறாகியிருந்தது. தம்பி கட்டில்மேல் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். போர்வை நனையவில்லை, அவன் நனையவில்லை. அம்மா அவன் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு வாசற்படியைப் பார்த்தாள். தண்ணீர் தாண்டிய தடம் வெள்ளையாகத் தெரிந்தது.

"போய் சாணி எடுத்தா" என்றாள் என்னிடம்.

பால்காரர் கொட்டகையிலிருந்து நான் சாணி அள்ளி வருவதற்குள் அம்மா சாக்கை வைத்துச் சேற்றை ஒற்றி எடுத்திருந்தாள். உலர்ந்த மண்ணும் சாணியும் கலந்து, மூலையிலிருந்து பின்னாலேயே நகர்ந்து வந்து தரை முழுவதும் மெழுகினாள். படியையும் மெழுகினாள். விளக்கு வைக்கும் நேரத்தில் யாரும் வீடு மெழுகிப் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் அன்றுதான் பார்த்தேன்.

அப்பா வந்தார். மழை தூறலாகியிருந்தது. சுரங்க வெளிச்சத்துக்குத் தொப்பியில் அப்பியிருந்த களிமண் உருண்டையில் மெழுகுவர்த்தி அடிக்கட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. நேரே கொல்லை மூலைக்குப் போய் உடைந்த கரையையும் பலகையில்லாத சம்பையும் பார்த்தார்.

"அத்ததான் ஒடைக்கச் சொன்னாங்க நைனா" என்றாள் அக்கா அவசரமாக.

அவர் கீழ்வீட்டுக்கு இறங்கிப் போனார். அத்தையிடம் பேசும் அவர் குரல் கேட்டது. "அக்கா, உங்க ஊட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?"

"வரலப்பா. ஓடைக்குத்தான் போவுது. நீ போயி சோறு துன்னு. நாளைக்கு வந்து இந்த ஓரத்துக்குக் கல்லு வெச்சுக் கட்டிக் குடு."

திரும்பி வந்து பின்கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை. அம்மா விளக்கின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நம்ம ஊட்டுக்குள்ள வந்துச்சா?"

"வரல" என்றாள் அம்மா.

நானும் அக்காவும் விளக்கை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்நேரத்துல எதுக்கு மெழுகின?"

"அழுக்கா இருந்துச்சு. மெழுகினேன்."

"நைனா," என்றான் தம்பி கட்டிலிலிருந்து, "என் கொட்டாங்குச்சி மிதந்துச்சு!"

"தூக்கத்துல ஒளர்றான்" என்றாள் அம்மா.

அப்பா குனிந்து, படிக்கு உள்பக்கம் தரையில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். எடுத்தபோது சாணி ஈரம் கையோடு வந்தது. அதைத் துடைக்காமல் பார்த்துவிட்டு, "சரி, காயட்டும்" என்றார். கூரைத் தாழ்வாரத்தில், தூறல் படாத இடத்தில், வெளியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு, மெழுகிய தரையில் சுவர் ஓரமாக நடந்து வந்து, அவர் முன்னால் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். அவர் பாதி சாப்பிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்குக் கீழ்வூட்டுக்குக் கல்லுக் கட்டணும்" என்றார் அப்பா.

"நானும் வரேன்," என்றாள் அம்மா. "மண்ணு கொழைக்க ஆளு வோணுமில்ல."